பாஸ்கல் ஓட்டிய லாரி

பாஸ்கலுக்காக நான் எழுதிய மனுக்கள் மொத்தம் பதினொன்று. பதினொன்றும் தோற்றன. பன்னிரண்டாவது மனு ஜெயித்தது, ஆனால் அது பாஸ்கல் பெயரில் போகவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் பேர் பரசுராமன். ஜார்ஜ் டவுனில் கோர்ட்டுக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒரு சாய்வு மேசையும் மைக்கூடும் வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருஷம் மனு எழுதிப் பிழைத்தேன். வக்கீல்கள் என்னைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களுடைய கட்சிக்காரர்களில் பாதிப் பேர் முதலில் என்னிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் அவர்கள் படியேறுகிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். மனு எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வந்தவன் கதையை முழுதாகக் கேட்கமாட்டான். அதிகாரிக்கு வேண்டிய நாலு வரியைப் பிடித்துக்கொண்டு, மீதியை "அதெல்லாம் வேண்டாமப்பா" என்று தள்ளிவிடுவான். பாஸ்கல் விஷயத்திலும் நான் அப்படித்தான் தள்ளினேன்.

அவன் எனக்குக் கல்மண்டபத்தில் நாலு வீடு தள்ளி இருந்தான். அப்பா துறைமுக ரயிலில் கொடி காட்டியவர். மகனையும் அங்கேயே சேர்த்துவிடப் பார்த்தார். பாஸ்கல் தண்டவாளத்தில் ஓடுகிற எதையும் மதிக்கவில்லை. "அது போற வயில நாம போவணும். லாரின்னா நாம போற வயில அது வரும்" என்பான். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு காஸ் உண்டாக்கி லாரி ஓட்டினார்களே, அந்தப் புகையில் நாலு வருஷம் வெந்தவன். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, பெரிய மனிதர்களின் பீரோவையும் கட்டிலையும் காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் கொண்டுபோய் இறக்கினான். அவன் வீட்டுச் சாமான் மட்டும் கல்மண்டபத்திலேயே இருந்தது. ஏனென்று கேட்டேன். "வாடவை ஆரு குட்ப்பா?" என்று சிரித்தான்.

இருபது வருஷம் பிறத்தியார் வண்டி ஓட்டியவனுக்கு ஒரே ஆசைதான். சொந்த லாரி.

சண்டை முடிந்து ராணுவத்தார் தங்கள் லாரிகளை ஏலம் போட்டார்கள். நாற்பத்தேழில், ஆவடி மைதானத்தில் வரிசையாக நின்றவற்றில் ஒரு பச்சை ஷெவர்லேயைப் பாஸ்கல் எடுத்தான். பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. கல்மண்டபம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான் அது. அவன் மனைவி சிலுவையம்மாள் முகத்துவாரக்குப்பத்துக்காரி. எண்ணூர்க் கழிமுகத்தில் அவள் அப்பா ஒருநாள் கட்டுமரத்தோடு கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. கரையில் மிஞ்சிய இன்னொரு கட்டுமரம், வலைகள், ஒரு துண்டு மனை, எல்லாம் ஒரே மகளான இவளுக்கு வந்தன. அத்தனையையும் விற்று, கழுத்துச் சங்கிலியையும் சேர்த்துத்தான் ஷெவர்லே வந்தது. பாஸ்கல் தன் பங்குக்குப் போட்டது டிரைவர் லைசென்ஸ் ஒன்றுதான். இருந்தும் தெருவில் எல்லோரும் "பாஸ்கல் லாரி வாங்கிட்டான்" என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அவளும் அப்படித்தான் சொல்லித் திரிந்தாள்.

யானையை வாங்கியாகிவிட்டது. அங்குசத்துக்குத்தான் வழியில்லை. அந்த அங்குசத்தின் பெயர் பர்மிட்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நாளில் லாரிக்கு இரண்டு விதமான பர்மிட். ஊரார் சரக்கை வாடகைக்கு ஏற்றுவதற்கு ஒன்று. வியாபாரி தன் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றிக்கொள்வதற்கு இன்னொன்று. வாடகை பர்மிட் லேசில் கிடைக்காது. பெரிய கம்பெனிகள் வரிசையில் முன்னால் நிற்கும். பாஸ்கலைப் போன்ற ஒற்றை லாரிக்காரனுக்கு, "இந்தத் தடத்தில் போதுமான வண்டிகள் ஓடுகின்றன" என்று ஒரே வரியில் பதில் வரும். சொந்தச் சரக்கு பர்மிட்டோ, கடை வைத்திருக்கிற வியாபாரி கேட்டால் ஒரு மாதத்தில் கைக்கு வரும். ஆகவே அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. லாரியை வியாபாரி பெயரில் பதிவு செய்து, பர்மிட்டையும் அவர் பெயரில் வாங்கிக்கொள்வது. வியாபாரியின் சரக்கைக் குறைந்த கூலிக்கு ஏற்றுவது. மற்ற நாட்களில் வெளிச் சரக்கை, வியாபாரியின் பில்லை வைத்துக்கொண்டு அவருடைய சரக்குபோல ஏற்றுவது. சட்டப்படி தப்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஓடிய ஒற்றை லாரிகளில் முக்கால்வாசி அப்படித்தான் ஓடின.

பாஸ்கலுக்கு அப்படிக் கிடைத்தவர் தவசிமுத்து அண்ணாச்சி. தெற்கே விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் மொத்த வியாபாரம் செய்தவர். பேச்சில் காரம் இருந்தாலும் நெஞ்சில் கருப்பட்டிதான். ஒரு காசு கமிஷன் கேட்காமல் பெயரைக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, லாரியின் நெற்றியில் அவர்கள் குலதெய்வம் முப்பிடாதி அம்மன் பெயர் இருக்கவேண்டும். அவர் பெயரிலுள்ள லாரியில் அந்தோணியார் பெயர் இருந்தால் பார்க்கிறவன் சந்தேகப்பட மாட்டானா? நியாயம்தான். சிலுவையம்மாள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு சமாதானம் ஏற்பட்டது. காலையில் மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மாலையில் அண்ணாச்சி கடை வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். வெளியே முப்பிடாதி, உள்ளே கண்ணாடிக்கு மேலே அந்தோணியார். இரண்டு பேரும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினார்கள்.

நான் மட்டும் முணுமுணுத்தேன். "உங்களுக்குள்ளே ஒரு எழுத்து இருக்கட்டும்டா. லாரி பாஸ்கலுடையது, பெயர் மட்டும் என்னுடையது என்று அண்ணாச்சி ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கட்டும்."

"பேர குட்த்த மன்சன் கைல சீட்டு கேக்கறதா? நல்லாக்கீது நாயம்" என்றான் பாஸ்கல்.

அது மரியாதைக்குச் சொன்னது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது, அது எனக்கும் தெரியும். அப்படி ஒரு சீட்டு இன்ஸ்பெக்டர் கையில் சிக்கினால் அதுவே திருட்டுத்தனத்துக்குச் சாட்சி. சீட்டு இருந்தால் பர்மிட் போகும். சீட்டு இல்லாவிட்டால் என்றைக்காவது லாரி போகும். இதற்கு நடுவில்தான் அவன் தினமும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். முறையான வாடகை பர்மிட் கேட்டு வருஷத்துக்கு ஒன்றிரண்டு மனுவாவது என்னிடம் எழுதிக்கொண்டே இருந்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை அந்த மனுக்களில் கண்டேன்.

ஐம்பத்தொன்றில் மாட்டிக்கொண்டான். மாட்டிவிட்டவர் விரோதியல்ல, உப்பு வியாபாரி ஷாகுல் ஹமீது. காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்பு, தோணியில் கழியைக் கடந்து எண்ணூருக்கு வரும். அங்கிருந்து லாரியில் பட்டணம். உப்பு ஷாகுல் ஹமீதுடையது, பில் வழக்கம்போல அண்ணாச்சி பெயரில். பாஸ்கல் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், சரக்கோடு நானும் வருவேன் என்று ஷாகுல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். திருவொற்றியூர்த் தேரடியில் இன்ஸ்பெக்டர் கை காட்டினார். பில்லைப் பார்த்தார். எல்லாம் சரி. போகிறபோக்கில், "நல்ல வெள்ளை உப்பாக இருக்கிறதே" என்றார்.

"நம்ம உப்பளத்து சரக்குங்க. இதுமாதிரி வெள்ள மெட்ராஸ்ல எங்கியும் கெடைக்காது" என்றார் ஷாகுல் ஹமீது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே நுணல் பேசியது, கெட்டவன் பாஸ்கல். லாரியைப் பிடித்துப் போலீஸ் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள். சொந்தச் சரக்கு பர்மிட்டில் வாடகைச் சரக்கு ஏற்றியதாக அண்ணாச்சி மேல் கேஸ். லாரியே டிரைவருடையது, பெயர்தான் வியாபாரியுடையது என்று இன்ஸ்பெக்டர் சந்தேகப்பட்டு எழுதியிருந்தார். அது நிரூபணமானால் பர்மிட் ரத்து, அண்ணாச்சிக்கு அவமானம், ஷெவர்லே நாலு சக்கரம் வைத்த தகரக் கொட்டகை.

உப்பை முதல்நாளே அண்ணாச்சிக்கு விற்றுவிட்டதாகவும், பழக்கதோஷத்தில் 'நம்ம உப்பு' என்று சொல்லிவிட்டதாகவும் ஷாகுல் ஹமீது சொல்ல ஒப்புக்கொண்டார். மிச்சம் பாஸ்கலின் சாட்சியம். கேஸுக்கு முந்தின சாயங்காலம் அண்ணாச்சியும் அவனும் என் மரத்தடிக்கு வந்தார்கள்.

"இன்னா சொல்லணும் ரைட்டரே?" என்றான்.

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "இரண்டே வாக்கியம். லாரி என்னுடையதல்ல. நான் மாதம் அறுபது ரூபாய் சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். மூன்றாவது வாக்கியம் பேசினால் வக்கீல் குறுக்கே புகுந்துவிடுவான்."

"வேதத்துல கை வெச்சி சொல்லணுமே."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "என்னால ஒமக்கு இந்தப் பாவம் வந்துட்டுதே, வே. வேற வழி தெரியலையே" என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் பாஸ்கல் பைபிள் மேல் கையை வைத்தான். இரண்டு வாக்கியம் சொன்னான். எழுதிக்கொண்டார்கள். கேஸ் தள்ளுபடி ஆயிற்று. கோர்ட் வாசலில் அண்ணாச்சி லாரிச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து மூடி, "நான் இருக்குத வரைக்கும் இது ஒம்ம வண்டிதான்" என்றார். மனதாரத்தான் சொன்னார். 'நான் இருக்கிற வரைக்கும்' என்பதை யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

அதற்குப் பிறகு பாஸ்கலிடம் ஒரு மாற்றம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவனும் கல்மண்டபம் முனையில் மஜீது கடையில் நிற்போம். நான் டீ குடிப்பேன், அவன் பேச்சுத்துணைக்கு. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கப் போகிறவர்கள் பூசைக்கு முன்னால் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு கண்டிப்பு. கேஸ் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தான். நான் திகைத்துப்போய்ப் பார்த்தேன்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரு மன்னிப்பு குடுக்கல. பொய் சொன்ன எடத்த மொதல்ல நேராக்கிட்டு வா, அப்பால பாக்கலாம்னாரு" என்றான். "நேராக்கணும்னா கோர்ட்ல போயி நிக்கணும். வண்டி பூடும், அண்ணாச்சி மானம் பூடும், நானும் உள்ள பூடுவேன். சிலுவை கேட்டா இன்னா சொல்றது? டீ குட்ச்சிட்டேன், அதான் நன்ம வாங்கலன்னு சொல்லிக்கலாம்."

இரண்டு வருஷம், வாரம் தவறாமல், மனைவியிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக அவன் டீ குடித்தான். அவள் எழுந்து போய் நன்மை வாங்கிக்கொண்டு வருவாள், இவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். கோர்ட்டில் என்ன சொன்னான் என்று அவளுக்குத் தெரியாது. கேஸ் தீர்ந்தது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். அவள் சொத்தை விற்று வாங்கிய லாரியை அவளுடைய புருஷனே என்னுடையதல்ல என்று சொன்னதை எந்த வாயால் சொல்வான்?

ஐம்பத்துமூன்றில் தவசிமுத்து அண்ணாச்சி கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். பாஸ்கல் அன்றைக்கு அழுத அழுகையை அவருடைய பிள்ளைகள்கூட அழவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் என் புத்தி அப்போதே லாரியைப் பற்றி நினைத்துவிட்டது. தொழில் புத்தி.

பயந்தபடியே ஆயிற்று. பத்தாம் நாள் மூத்த மகன் ராமசுப்பு பாஸ்கல் வீட்டுக்கு வந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். காகிதத்தை நம்புகிறவன், அவ்வளவுதான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குச் சொத்துப் பட்டியல் போட்டபோது, அப்பா பெயரில் ஒரு லாரி இருந்தது. விசாரித்தான். பாஸ்கல் தன்னுடையது என்றான். ராமசுப்பு கோர்ட்டுக்குப் போய் நகல் வாங்கி வந்து, சிலுவையம்மாள் இல்லாத நேரத்தில் காட்டினான்.

"அண்ணே, ஒங்கள ஏமாத்தணும்னு நான் வரல. இது நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னது. நீங்களே வாசிச்சுப் பாருங்க. தம்பிக்கும் பங்கு இருக்குல்லா, நான் எப்படி விடுவேன்? சம்பளம் கூட்டித் தாரேன், நீங்களே ஓட்டுங்க" என்றான்.

பாஸ்கல் அந்த நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனேன். அவர் நகலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். லாரி உன்னுடையது என்று கேஸ் போட்டால் நீ கோர்ட்டில் பொய்ச்சத்தியம் செய்தாய் என்று ஆகும், அதற்கு ஜெயில் உண்டு, ஜெயிலுக்குப் போனாலும் லாரி வரும் என்று நிச்சயமில்லை என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பாஸ்கல் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. அந்த இரண்டு வாக்கியத்தைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான் அல்லவா.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பாஸ்கல், சிலுவையம்மாள், நான், மூன்று பேரும் போனோம். அவள் உள்ளே பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். பந்தி முடிந்ததும் ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள் முன்கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். ராமசுப்பு பட்டியலை வாசிக்க ஆரம்பித்தான். லாரி என்ற இடத்துக்கு வந்ததும், கதவோரம் நின்றிருந்த அவன் தாய் சீனியம்மாள், "நிறுத்து" என்றாள்.

புருஷன் போய்ப் பதினாறு நாள் ஆன பெண்பிள்ளை. குரலில் நடுக்கமில்லை. பாஸ்கலைப் பார்த்து, "எய்யா, வண்டி ஒம்மதுன்னு சொன்னீராமே" என்றாள்.

"ஆமாம்மா."

"அவுக என்கிட்ட யாவாரம் பேசுனதில்ல. எது யாருதுன்னு எனக்குத் தெரியாது. இந்தா அவுக படம். கற்பூரத்தக் கொளுத்துதேன். வண்டி என்னுதுதான்னு அதுமேல அடிச்சுச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போவும். எங்க வீட்டுல சத்தியத்துக்கு மிஞ்சின சாட்சி கெடையாது. எம்புள்ளைக பேசமாட்டானுவ."

ராமசுப்பு தலையை ஆட்டினான். எனக்குப் போன உயிர் வந்தது. வக்கீலும் கோர்ட்டும் தர முடியாத வழியை அந்த அம்மாள் ஒரு கற்பூரத்தில் காட்டிவிட்டாள். சொன்னால் போதும், அதுவும் உண்மையைச் சொன்னால் போதும்.

பாஸ்கல் எழுந்து படத்துக்கு முன்னால் போனான். கற்பூரம் எரிந்தது. கையை நீட்டினான். நீட்டிய கையை இறக்கிக்கொண்டான்.

"என்னால முடியாதும்மா" என்றான். "என் வேதத்துமேல கைய வெச்சே ஒரு தபா பொய்ய சொல்லிட்டேன். இப்ப நெசத்த சொன்னாலும் இந்தக் கைக்கு இன்னா மதிப்புகீது? அண்ணாச்சி மூஞ்சிய பாத்துகினு இன்னொரு தபா சத்தியம் பண்ண மாட்டேன். வண்டி போனா போவட்டும்."

மடியிலிருந்து சாவியை எடுத்துப் பாயில் வைத்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய்க்கு நீட்டிய கை உண்மைக்கு நீளமாட்டேன் என்கிறதே, இவன் என்ன மனிதன் என்று பல்லைக் கடித்தேன். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. ஒருவேளை என்மீது வந்த கோபம்தான் அது.

அப்போது பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து சிலுவையம்மாள் வெளியே வந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. நேராகப் புருஷனிடம் போய் நின்றாள்.

"கோர்ட்டுல இன்னான்னு சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "லாரி என்னுது இல்ல. மாசம் அறுவது ரூபா சம்பளத்துக்கு ஓட்டறேன்னு."

"அதான் ஞாயித்துக்கெயம டீயா?"

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சீனியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அவுரு சத்தியம் பண்ண வேணாம்மா. கோர்ட்ல அவுரு சொன்னது சரிதான். அது அவுரு வண்டி இல்ல."

பாஸ்கல் நிமிர்ந்து பார்த்தான். ராமசுப்பு பட்டியலில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தான்.

"என் வண்டி" என்றாள் சிலுவையம்மாள். "எங்கப்பன் கட்டுமரம், எங்கப்பன் வலை, எங்கப்பன் மனை, என் களுத்துச் செயின். அத்தினியும் வித்து வாங்கனது. இவுரு ஒரு தம்பிடி போடல. அண்ணாச்சிக்குத் தெரியும். ஏலத்துக்குப் பணத்த எண்ணி இவுரு கைல குட்த்ததே நான்தான். கோர்ட்டு பேப்பர்ல எங்கனாச்சும் சிலுவையம்மாளுது இல்லன்னு எய்திக்கீதா, பாரு நைனா."

ராமசுப்பு நகலை எடுத்தான். உண்மையிலேயே வரி வரியாகப் படித்தான். காகிதத்தை நம்புகிறவன் காகிதத்தில் இல்லாததையும் நம்பித்தான் ஆகவேண்டும். "இல்ல" என்றான் மெதுவாக.

"நீ சத்தியம் பண்ணுவியா, தாயி?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"கற்பூரம் உங்களுது. எனக்கு எங்க ஊரு கடலு. எங்கப்பன முயுங்கிச்சே, அந்தக் கடலு மேல ஆணை. அது என் வண்டி."

அந்த வீட்டுக்கும் கடலுக்கும் ரொம்ப தூரமில்லை. பேச்சு நின்றதும் அலைச் சத்தம் கேட்டது. சீனியம்மாள் குனிந்து பாயிலிருந்த சாவியை எடுத்தாள். பாஸ்கலிடம் கொடுக்கவில்லை. சிலுவையம்மாள் கையில் கொடுத்தாள். பிறகு மகனிடம், "அடிச்சு விடுலே அந்த வரிய" என்றாள்.

ராயபுரத்தில் அத்தனை வருஷம் இருந்து, முகத்துவாரக்குப்பத்து மனை விற்ற கதையும் தெரிந்து, பதினொரு மனு எழுதியும், லாரி யாருடையது என்று எனக்கு ஒருதரமும் உறைக்கவில்லை. பாஸ்கலுக்கும் உறைக்கவில்லை. அவளிடம் பிறகு கேட்டேன், உனக்காவது முன்பே தோன்றியதா என்று. "புருசன் வண்டி, பொஞ்சாதி வண்டின்னு எவ பிரிச்சிப் பாத்தா? அன்னிக்கி பிரிக்க வேண்டியதாப்பூட்ச்சி" என்றாள்.

அடுத்த வாரம் ராமசுப்புவே என் மரத்தடிக்கு வந்து பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டான். அந்தச் சாய்வு மேசையில்தான் பன்னிரண்டாவது மனுவை எழுதினேன். மனுதாரர்: சிலுவையம்மாள், பாஸ்கல் மனைவி. டிரைவர்: பாஸ்கல், மாதச் சம்பளம் ரூபாய் அறுபது. முறையான வாடகை பர்மிட் கேட்டு. உடனே கிடைத்துவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். பதினாலு மாதம் தற்காலிக பர்மிட்டில் தவணை தவணையாகத் தொங்கிக்கொண்டு ஓட்டினான். ஒவ்வொரு தவணை முடியும்போதும் வண்டி இரண்டு நாள் மூன்று நாள் சும்மா நிற்கும், அடுப்பும் அரைகுறையாக எரியும். ஒருவழியாகக் கொடுத்தார்கள். நெற்றியிலிருந்த முப்பிடாதி அம்மன் பெயரை இனி அழித்துவிடலாமா என்று பாஸ்கல் கேட்டதற்கு, "ஆறு வருசம் பேர் குட்த்து காப்பாத்துன தாயி, இருந்துட்டுப் போவட்டும்" என்று அவள் விடவில்லை. பெயிண்ட் மங்கியபோது அவளே காசு கொடுத்துப் புதுப்பித்தாள்.

சாவி கை மாறிய மறுநாளே பாஸ்கல் சாமியாரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னானாம். "அன்றைக்கு நீ சொன்னது பொய்தான், அதற்குத் தவம் செய்யத்தான் வேண்டும்" என்று சொல்லி, நாற்பது நாள் ஜெபமாலை சொல்லச் சொன்னாராம். அவன் எழுந்திருக்கும்போது, "சம்பளம் வாங்குகிறாயா?" என்று கேட்டாராம். இல்லை என்றிருக்கிறான். "அப்படியானால் அது இன்னும் பொய்தானே" என்றாராம்.

அந்த மாதத்திலிருந்து ஒன்றாம் தேதி காலையில் சிலுவையம்மாள் வாசலில் நின்று அறுபது ரூபாயைப் புருஷன் கையில் வைப்பாள். அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். உள்ளே போனதும் அதை அப்படியே அவளிடம் திருப்பிக் கொடுப்பான், வீட்டுச் செலவுக்கு. தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதம்கூட அவர்கள் அதை நிறுத்தவில்லை.

நாற்பது நாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. நான் மஜீது கடையில் வழக்கமான இடத்தில் நின்றிருந்தேன். பாஸ்கல் வெள்ளை வேட்டி சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தான். மஜீது பழக்கத்தில் இரண்டு டீயாக ஆற்றி, ஒன்றை அவனிடம் நீட்டினான்.

"எனக்கு வேணாம், மாமு" என்றான் பாஸ்கல்.

தெருமுனையில் சிலுவையம்மாள் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவன் அவளை நோக்கிப் போனான். இரண்டு டீயையும் அன்றைக்கு நான்தான் குடித்தேன்.